நோட்டில் என்ன எழுதுவது? தோட்டத்து மனிதர்களை நினைவில் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது அங்கே நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. ஆட்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், வருஷத்துக்கு ஒரு முறை மாரியம்மன் திருவிழாவுக்குத்தான் ஒன்று சேருகிறோம். சில வருஷங்களாக அந்த நாள்களில் கோயில் மண்டபத்தில் ஒரு பெரிய நோட்டோடு உட்கார்ந்து, யார் யாரைப் பற்றி என்ன ஞாபகம் வைத்திருக்கிறார்களோ அதை எழுதி வைக்கிறேன். வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டு, பதிலையும் எழுதியிருக்கிறேன்.

"எங்கப்பா நல்லவரு, உழைப்பாளி. அதுக்கு மேல என்ன எழுதுறதுன்னே தெரியலையே?"

ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நல்லவர், உழைப்பாளி, யாருக்கும் தீங்கு நினைக்காதவர். பொய் இல்லை. ஆனால் பத்திரிகையில் வரும் நினைவஞ்சலி விளம்பரத்தில் படத்தை மட்டும் மாற்றினால் இதே வரிகள் யாருக்கும் பொருந்தும். அப்பா அந்த வரியில் இல்லை. அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: பால்மர வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்?

இப்படிக் கேட்டபோது ஓர் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் முன்கையை நீட்டிக் காட்டினார். அவருடைய அப்பா வீட்டு முன்னால் அஞ்சடித் திண்ணையில் வந்து உட்காரும்போது கை முடியெல்லாம் பால் காய்ந்து இழை இழையாக ஒட்டியிருக்குமாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக உரிப்பார். முடியும் சேர்ந்து வரும், அப்பா 'ஸ்ஸ்' என்பார், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். உரித்த இழைகளையெல்லாம் ஓர் உருண்டையில் சுற்றிச் சுற்றிப் பால் டின்னுக்குள் வைத்திருந்தார். நாலாம் வகுப்புக்குப் போவதற்குள் அந்தப் பந்தைத் தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு எழும்பும். அப்பா பாசமானவர் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

"சின்ன விஷயம்னா எது? எதை எழுதுறது, எதை விடுறது?"

எடுத்து இன்னொருவர் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் விட்டுவிடுங்கள். "விடியற்காலையிலேயே எழுந்துவிடுவார்" என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் பொருந்தும், ஏனென்றால் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். இருட்டில் எழாத வெட்டுக்காரர் கிடையாது. ஆனால் "கத்தியைத் தீட்டிவிட்டுக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பார், அதனால் அந்த நகத்தில் எப்போதும் வெள்ளைக் கீறல் இருக்கும்" என்றால் அது ஒரே ஓர் ஆள்.

ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே மாறுபட்ட ஒன்றுதான் மனதில் தங்கும் என்று 1933இல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர் சோதித்துக் காட்டினார். அது நமக்கும் தெரிந்ததுதான், நூறு வெள்ளை மாடுகளில் ஒரு செவலை இருந்தால் கண் அங்கேதான் போகும். இன்னொன்று, அழகானதை மட்டும் பொறுக்காதீர்கள். மூக்கைச் சிந்தும் சத்தமும் எழுதலாம்.

"முகம் ஞாபகம் இருக்கு, அவரு சைக்கிள்கூட ஞாபகம் இருக்கு. பேரு மட்டும் வரவே மாட்டேங்குது. வயசாயிருச்சா?"

வயசும் ஒரு காரணம்தான், ஆனால் பெயர் எல்லா வயதிலும் கஷ்டம். 1987இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுகிறவர் என்ற தொழிலாகவும் இருக்கும். அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, சிலரிடம் இவர் பெயர் பேக்கர் என்றும், சிலரிடம் இவர் தொழில் பேக்கர் என்றும் சொன்னார்கள். வார்த்தை ஒன்றுதான். ஆனாலும் தொழிலென்று கேட்டவர்களுக்குத்தான் பிறகு அது எளிதாக ஞாபகம் வந்தது. தொழில் என்றதும் அடுப்பு, மாவு, வாசனை எல்லாம் கூடவே வந்து பிடித்துக்கொள்ளும். பெயருக்கு அப்படிப் பிடிக்க ஒன்றும் இல்லை. நம் லயத்துக்கு மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த ரொட்டி பாயை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டி, தேங்காய் பன், கடனை எழுதும் சின்னப் புத்தகம் எல்லாம் வரும். அவர் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

தோட்டத்தில் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் முனியம்மா என்று நாலு பேர். ஆகவே கிணத்தடி முனியம்மா, கோழி முனியம்மா, மூணாம் லயத்து முனியம்மா, இன்னொருவர் வெறும் 'வெத்தலை'. பட்டப்பெயரை எழுதலாமா, மரியாதைக் குறைவாக இருக்காதா என்று சிலர் தயங்குகிறார்கள். காயப்படுத்தும் பட்டப்பெயராக இருந்தால் வேண்டாம், மற்றதை எழுதுங்கள்.

பழைய தமிழிலும் இது நடந்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில் சில புலவர்களுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை, அவர்கள் பாட்டில் இருந்த ஒரு சின்னக் காட்சியையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயல்நீரார். அதற்கு அடுத்த பாட்டு, 41ஆம் பாட்டு, அணிலாடு முன்றிலார் பாடியது. ஆட்களெல்லாம் போய்விட்ட சின்ன ஊரில், யாருமில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது, காதலர் பிரிந்தால் அந்த வீடு மாதிரி ஆகிவிடுகிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள். லயம் காலியானபின் ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

"ஒட்டுப்பால் லோரி பின்னால மாட்டிக்கிட்டேன், அந்த நாத்தம் வந்ததும் அழுகை வந்துருச்சு. வாசனைக்கு மட்டும் ஏன் இப்படி?"

ஒட்டுப்பால் என்பது மரத்திலும் பால் பிடிக்கும் மங்கிலும் ஒட்டி உறைந்த ரப்பர் பால். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டுத்தான் மற்ற பகுதிகளுக்குப் போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியைப் பார்க்கும் அமிக்டலாவுக்கும் நினைவைப் பார்க்கும் ஹிப்போகேம்பஸுக்கும் கிட்டத்தட்ட நேராகப் போய்விடுகிறது. அதனால் என்ன வாசனை என்று யோசிக்கும் முன்பே அழுகை வந்துவிடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு ஒட்டுப்பால் நாற்றம் தாங்காது, நமக்கு அதுதான் ஸ்டோர், பால் நிறுக்க நின்ற வரிசை, அம்மாவின் தலைத்துண்டு.

ஆகவே யாரிடமாவது பேசப் போகும்போது முடிந்தால் வாசனை உள்ள ஒன்றை எடுத்துப் போங்கள்.

"தோட்டம்தான் இப்ப இல்லையே, செம்பனையும் தாமானுமா ஆயிருச்சு. எதைப் பாத்து ஞாபகப்படுத்துறது?"

கண்ணை மூடி, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நில்லுங்கள். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்து போங்கள். வலது பக்கம் என்ன? பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை. அதைத் தாண்டினால்? தண்ணீர்க் குழாய், அங்கே எப்போதும் வழுக்கும். குழாயடியில் யார்? இப்படி நடந்தால் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆள் நிற்பார். மூளை இடத்தையும் நினைவையும் ஒரே பகுதியில்தான் வைத்திருக்கிறது. மேலே சொன்ன ஹிப்போகேம்பஸில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் வேலை செய்யும் நரம்பணுக்கள் இருப்பதை எலிகளை வைத்து 1971இல் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். 2014இல் அவருக்கும் மோசர் தம்பதிக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

போன திருவிழாவில் ஒரு மணிலா அட்டையை விரித்து எல்லாரையும் தோட்டத்தை வரையச் சொன்னேன். நாலு லயம், கோயில், பள்ளிக்கூடம், துரை பங்களா, எல்லாம் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அப்புறம் ஒரு மாமா பென்சிலை வாங்கி, இரண்டாம் லயத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தார். "இங்க ஒரு கொய்யா மரம். கீழ்க் கிளையில கயித்துத் தடம் இருக்கும், ஊஞ்சல் கட்டி." உடனே எதிரே இருந்த பெண் எழுந்துவிட்டார், அந்த ஊஞ்சலில் விழுந்து பல் உடைந்தது அவருக்குத்தான். அதுவரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முழுதும் அழிந்த இடத்திலும் ஏதாவது ஒன்று மிஞ்சும். கிணற்றுச் சுவர், பங்களா படிக்கட்டு. பக்கத்தில் கோல கங்சாரில் 1877இல் முதன்முதலில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, அதைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். நம் கொய்யா மரத்துக்குப் பலகை இல்லை, அட்டையில் புள்ளி இருக்கிறது.

"பாட்டி வருஷமே சொல்ல மாட்டேங்கிறாங்க. எப்ப நடந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பாட்டி சொல்கிறார்கள், நாம்தான் காதில் வாங்குவதில்லை. "மரவள்ளிக்கிழங்கு தின்ன காலம்" என்றால் ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை. அப்போது செலாவணியில் இருந்த பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் போட்டிருக்கும், பாட்டி "வாழைமர நோட்டு" என்றால் அதுதான். "சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப" என்றால் மரண ரயில் பாதை போட்ட 1942, 1943.

"கேட்ல சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பாப்பானுங்க" என்றால் அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் தடுக்க அப்படிச் செய்தார்கள். அது தொடங்கியதே நம் பக்கத்தில்தான். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முடிந்தது 1960 ஜூலையில். "தோட்டத்தைத் துண்டாடினப்ப", "சம்பந்தன் சங்கத்துக்குப் பணம் கட்டினப்ப" என்றால் 1960ஐ ஒட்டி, துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்க, அந்த வருஷம்தான் நம் ஊர்க்காரரும் அமைச்சருமாயிருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வருஷத்தைக் கேட்காதீர்கள். அப்போது யார் வயிற்றில் இருந்தார்கள், யார் பால்குடி என்று கேளுங்கள்.

"அண்ணன் பச்சைக் கதவுங்கிறாரு, எனக்கு நீலம்னு நல்லா ஞாபகம் இருக்கு. யாரு சொல்றதை எழுதுவீங்க?"

இரண்டையும். பெயர் போட்டு, "இவர் பச்சை என்கிறார், இவர் நீலம் என்கிறார்" என்று எழுதுவேன். கதவுக்கு ஒரு தடவை மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கலாம், அண்ணன் உங்களுக்கு எட்டு வயது மூத்தவர்.

ஆனால் இதில் ஒரு விஷயம் முக்கியம். நினைவு பெட்டியில் வைத்த புடவை இல்லை, எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் புதிதாக நெய்யப்படுகிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்தின் படத்தைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றால், படத்தில் கண்ணாடியே உடையவில்லை, மற்றவர்களைவிட அவர்களில் கூடுதலான பேர் பார்த்தோம் என்றார்கள். கேள்வியில் போட்ட ஒரு வார்த்தை நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஆகவே தாத்தாவிடம் "பச்சைக் கதவுதானே தாத்தா?" என்று கேட்காதீர்கள். "கதவு எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம், நானும் பழகித்தான் வந்தேன்.

"எனக்கு ஒரு வயசுல தூளியில படுத்திருந்தது ஞாபகம் இருக்கு. நம்ப மாட்டேங்கிறாங்க?"

பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது நிற்பதில்லை. அம்மா சொன்ன கதையையோ ஒரு படத்தையோ நீங்கள் உள்வாங்கியிருக்கலாம். அதனால் அது உதவாது என்று அர்த்தமில்லை, "அம்மா சொல்லக் கேட்டது" என்று எழுதினால் அம்மாவின் நினைவாக நிற்கும்.

"போன்லதான் ஆயிரம் படம் இருக்கே, அது போதாதா?"

படம் எடுங்கள், நானும் எடுக்கிறேன். ஆனால் 2014இல் வெளிவந்த லிண்டா ஹென்கலின் ஆய்வை ஒருமுறை கேளுங்கள். அமெரிக்காவில் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள், படம் எடுத்தவை குறைவாகவே ஞாபகம் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. ஆனால் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் கிட்டத்தில் இழுத்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை, படத்தில் வராத பகுதிகூட ஞாபகம் இருந்தது.

ஆகவே பாட்டியை வரிசையில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தபின், அவர் கையை மட்டும் ஒன்று எடுங்கள். இஞ்சி நசுக்கும் கல்லை, காது ஓட்டையை, செருப்பு தேய்ந்திருக்கும் விதத்தை எடுங்கள்.

"அம்மாவுக்கு மறதி நோய். காலைல பசியாறினது தெரியல, ஆனா பெரட்டுல யாரு பக்கத்துல யாரு நின்னாங்கன்னு சொல்றாங்க. பேசவிடலாமா?"

விடலாம், உட்கார்ந்து கேளுங்கள். இந்த நோயில் பெரும்பாலும் புதியதைப் பதியும் பகுதிதான் முதலில் கெடுகிறது, இளவயதில் பதிந்தது ரொம்ப நாள் நிற்கும். "ஞாபகம் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது பரீட்சை மாதிரி, இல்லையென்று சொல்ல நேர்ந்தால் அம்மாவுக்கு வலிக்கும். "பாலை உறையவைக்கிற அந்த ஆசிட் வாடை இருக்கே" என்று நீங்களே ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டுக் காத்திருங்கள். வாசனை பற்றி மேலே சொன்னது இங்கேதான் ரொம்ப உதவும். கையில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஓர் அம்மாவிடம் கொடுத்தோம், அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே விரலை விட்டு, அதில் இல்லாத பாலை வழித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அதையும் நோட்டில் எழுதினேன்.

அவர் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். குழப்பம் திடீரென்று ஒரு நாளில் கூடினால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், காய்ச்சலோ கிருமித் தொற்றோ காரணமாக இருக்கலாம்.

"எங்கப்பா குடிச்சதும் அம்மாவை அடிச்சதும்தான் முதல்ல ஞாபகம் வருது. அதை எழுதணுமா?"

எழுத வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மறைக்க வேண்டும் என்றும் யாரும் சொல்ல முடியாது. இதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். என் அப்பாவுடைய சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். காலால் ஒரே உதையில் ஸ்டாண்டு போட்டால் அன்றைக்கு அவர் கள்ளுக்கடைக்குப் போகவில்லை, நாங்கள் பாயிலேயே படுத்திருப்போம். இரண்டு மூன்று தடவை தடவி, அப்புறம் சைக்கிளைப் பலகைச் சுவரில் சாய்த்தால், அம்மா விளக்கைத் தணித்துவிட்டு எங்களைப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்புவார். அந்த அத்தை ஒன்றும் கேட்க மாட்டார், பாயை விரித்து வைத்திருப்பார்.

இதே அப்பாதான் மழை நாளில் வெட்டு இல்லாவிட்டால் ரப்பர் விதையைக் குடைந்து ஈர்க்குச்சி செருகிப் பம்பரம் செய்து கொடுத்தவர். நான் இரண்டையும் எழுதினேன், பக்கத்துப் பக்கத்தில். பம்பரம் அடியை ஈடுகட்டும் என்று எழுதவில்லை, ஈடுகட்டாது. அண்ணன், தங்கை உயிரோடு இருக்கும்போது அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை மடித்து ஒட்டி வைக்கலாம், எங்கள் நோட்டில் அப்படி இரண்டு பக்கம் இருக்கிறது.

"எனக்கு அவங்களைப் பத்தி ஒன்னே ஒன்னுதான் தெரியும், பேருகூடத் தெரியாது. அதை எழுதலாமா?"

எழுதலாம். பெயரைப் பற்றியும் அந்தப் புலவர்களைப் பற்றியும் மேலே சொல்லிவிட்டேன். நோட்டில் 23ஆம் பக்கத்தில் ஐந்து வெவ்வேறு ஆட்கள், ஐந்து வெவ்வேறு வருஷங்களில் சொன்ன ஒரே விஷயம் இருக்கிறது: "ஆயாக்கொட்டகை ஆயா. மூன்று தூளிகளின் கயிற்றையும் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு ஆட்டுவார். கையில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பிள்ளை அழுதால் காலைத்தான் பார்ப்பார், முகத்தைத் தூக்க மாட்டார்." பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்த வரிக்கு மேலே ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் திருவிழாவில் வந்து சொல்லுங்கள்.